திண்ணைப் பேச்சு: யானைக்கு எங்கே எண்ணெய் விடுவது?

சென்ற திங்களில் நம் பிள்ளைகளின் தமிழ் வகுப்பைப் பற்றிப் பேசினோம். வந்த கடிதங்களில் பாதி பாராட்டு, பாதி கண்டனம், இரண்டிற்கும் நன்றி. இத்திங்கள் எடுத்துக்கொண்ட பொருள் சற்றே விந்தையானது. "ரயில்வே குமாஸ்தாவுக்கு நீராவியை விட்டால் வேறு பேச்சே கிடையாது" என்று சிலர் நகைக்கக்கூடும். நகைத்துவிட்டு, இறுதிவரை படிக்குமாறு வேண்டுகிறோம். நம் சங்கக் கட்டடத்தின் பின்புறத்துச் சாமான் அறையைப் பற்றியும், விரைவில் நம்மை விட்டுப் போக இருக்கும் ஒரு பெரியவரைப் பற்றியும் நாம் அனைவரும் ஒரு முடிவுக்கு வரவேண்டியிருக்கிறது.

நம் சங்க உறுப்பினர் ஒருவரின் மகள் பிரான்சு நாட்டில் மேற்படிப்புப் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்திருந்தவள், ஒரு ஞாயிறு மாலை சங்க மன்றத்தில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது தன் கைப்பேசியை நீட்டி, "அண்ணா, இந்த யானையைப் பாருங்கள்" என்றாள். பார்த்தோம். யானைதான். ஆனால் மரத்தாலும் எஃகாலும் தோலாலும் ஆன யானை. உயரம் 12 மீட்டர். எடை 48 டன். முதுகில் ஏறக்குறைய 50 பேரை ஏற்றிக்கொண்டு, துதிக்கையால் தண்ணீரைப் பீய்ச்சியவாறு நடக்கிறது.

நாந்து என்னும் ஊரில் கப்பல் கட்டும் தொழில் 1987ஆம் ஆண்டில் முடிந்துபோயிற்று. தலைமுறை தலைமுறையாய் இரும்பை வளைத்த கைகள் சும்மா இருந்தன. பின்னர் பிரான்சுவா டெலரொசியேர், பியேர் ஒரெஃபிஸ் என்னும் இருவர், அந்தப் பழைய கப்பல் துறையிலேயே விந்தை இயந்திரங்களின் கூடம் ஒன்றை அமைத்தார்கள். அது 2007ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. கற்பனை இயந்திரங்களைக் கதைகளில் ஓடவிட்ட ஜூல் வெர்ன் 1828ஆம் ஆண்டில் பிறந்ததும் அதே ஊரில்தான். ஆகவே அங்கு யானை பிறந்ததில் வியப்பில்லை.

நமக்கு அடுத்த நாற்காலியில் அமர்ந்திருந்தவர் நம் பெரியவர். 1974ஆம் ஆண்டில் கலாசியாகச் சேர்ந்து, நீராவி ஷெட்டில் பிட்டராகி, பின் டீசல் ஷெட்டுக்கு மாறி, 2012இல் ஓய்வு பெற்றவர். படத்தை வாங்கி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, நெடுநேரம் பார்த்தார். "அழகாயிருக்கிறதா தாத்தா?" என்றாள் பெண். "அழகு இருக்கட்டும் அம்மா. இந்த முழங்கால் மூட்டுக்கு எங்கிருந்து எண்ணெய் விடுகிறார்கள்?" என்று கேட்டார் பெரியவர்.

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரைக்கு வித்து.

அப்பெண் மேலும் பல படங்களைக் காட்டினாள். பல செய்திகளைச் சொன்னாள். மேலைநாடுகளில் இப்படிப்பட்ட ஆர்வத்துக்கு 'ஸ்டீம்பங்க்' என்று பெயர். ஸ்டீம் என்றால் நீராவி என்பதை நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. கணினி யுகத்தின் இருளைப் பாடிய கதைகளை அக்காலத்தில் 'சைபர்பங்க்' என்றார்கள். அதைச் சற்றே கேலி செய்து, கே. டபிள்யூ. ஜெட்டர் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1987ஆம் ஆண்டில் ஒரு பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் இந்தப் புதுச் சொல்லைப் படைத்தார். தாமும் தம் நண்பர்கள் டிம் பவர்ஸ், ஜேம்ஸ் பிளேலாக் ஆகியோரும் விக்டோரியா காலத்தை வைத்து எழுதிவந்த கதைகளுக்கு ஒரு பெயர் வேண்டுமே என்று விளையாட்டாய்ச் சொன்னது, நிலைத்துவிட்டது. பெட்ரோலும் மின்னணுவும் உலகை ஆளாமல் நீராவியே ஆண்டிருந்தால் உலகம் எப்படி இருந்திருக்கும் என்பதே அக்கதைகளின் வினா.

கதையில் பிறந்தது கதையோடு நிற்கவில்லை. படித்தவர்கள் செய்யத் தொடங்கினார்கள். பித்தளைக் குழாயும் பற்சக்கரமும் கொண்டு விளக்கு செய்தார்கள். கணினியின் விசைப்பலகைக்குப் பழைய தட்டச்சுப் பொறியின் விசைகளைப் பொருத்தினார்கள். 2009ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டின் அறிவியல் வரலாற்று அருங்காட்சியகமே இத்தகைய கைவேலைகளைக் கண்காட்சியாக வைத்தது. அதே ஆண்டில் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் ஆண்டுத் திருவிழா ஒன்றும் தொடங்கிற்று. அங்கே 'தேநீர்ச் சண்டை' என்று ஒரு போட்டி உண்டாம். இருவர் எதிரெதிரே அமர்ந்து, பிஸ்கோத்தைத் தேநீரில் தோய்த்து எடுத்து, கையில் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். சிந்தாமல் கடைசியாக உண்பவர் வென்றவர். நியூசிலாந்தின் ஒமாரு என்னும் சிற்றூரிலோ, தேநீர்க் கெண்டியைச் சக்கர வண்டியின்மேல் ஏற்றி, தொலைவிலிருந்து இயக்கிப் பந்தயம் விடுகிறார்கள். அது பழைய தானியக் கிடங்குகளும் வெண்கல் மாளிகைகளும் நிறைந்த துறைமுக ஊர். வாணிகம் தளர்ந்து வெறிச்சோடிய கட்டடங்களில் ஒன்றில், 2011ஆம் ஆண்டில் இவர்களுடைய காட்சிக்கூடம் திறக்கப்பட்டது.

"வயிறு நிறைந்தவர்களின் வேடிக்கை" என்று நாமும் முதலில் எண்ணினோம். ஒன்றைக் கேட்டபின் அந்த எண்ணம் மாறிற்று.

சார்லஸ் பாபேஜ் என்னும் ஆங்கிலேயக் கணித அறிஞரைப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். கணக்கு அட்டவணைகளைப் பிழையின்றிப் போடும் இயந்திரம் ஒன்றை அவர் வகுத்தார். அதைச் செய்யும் பொறுப்பை ஜோசப் கிளெமென்ட் என்னும் தேர்ந்த கைவினைஞர் ஏற்றார். அரசாங்கமும் பணம் கொடுத்தது. 1833ஆம் ஆண்டில் பாபேஜுக்கும் கிளெமென்டுக்கும் பிணக்கு உண்டாகி வேலை நின்றது. 1842இல் அரசாங்கம் கைவிட்டபோது 17,000 பவுன் செலவாகியிருந்தது, இயந்திரமோ முற்றுப்பெறவில்லை. பின்னர் பாபேஜ் வரைந்துவைத்த இரண்டாம் இயந்திரத்தின் வரைபடங்களை எடுத்து, லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தார் அவர் பிறந்து 200 ஆண்டுகள் நிறைந்த 1991ஆம் ஆண்டில் கணக்கிடும் பகுதியைச் செய்து முடித்தனர். 2002இல் அச்சிடும் பகுதியும் சேர்ந்தது. மொத்தம் 8,000 உறுப்புகள்; 5 டன் எடை. அது பிழையின்றிக் கணக்கிடுகிறது!

ஆகவே வரைபடம் சரியாகத்தான் இருந்தது. கணக்கு எழுதியவரும் அரம் பிடித்தவரும் பிரிந்தபோது இயந்திரம் நின்றுபோயிற்று. நம் குடும்பங்களிலும் அதே பிரிவு நேர்ந்திருக்கிறதே என்ற எண்ணம் அன்றிரவு நம்மை உறங்கவிடவில்லை.

நிற்க. நாம் யார், எப்படி இவ்வூருக்கு வந்தோம் என்பதைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். புனேயில் இன்று வாழும் நம்மில் பலருடைய பாட்டன்மார் கொதிகலன் வேலைக்காரர், பிட்டர், பயர்மேன். பெரம்பூரிலும் பொன்மலையிலும் பழகிய கையோடு வடக்கே வந்தவர்கள். அந்தப் பட்டறைகளின் பெருமை சிறியதன்று. 1855ஆம் ஆண்டில் லீட்ஸ் நகரில் செய்த 'பேரி குயின்' எஞ்சினை 1997ஆம் ஆண்டில் மீண்டும் ஓடச் செய்தது பெரம்பூர்ப் பட்டறை. அகலப் பாதையில் நீராவி எஞ்சின்களின் ஓட்டம் 1995ஆம் ஆண்டின் இறுதியோடு நின்ற பின்னும், பொன்மலைப் பட்டறை 2011ஆம் ஆண்டு முதல் நீலகிரி மலைப்பாதைக்கெனப் புதிய நீராவி எஞ்சின்களையே செய்து கொடுத்தது. மேலைநாட்டார் திருவிழாவில் கனவு காணும் பொருளை நம்மவர் சம்பளத்துக்குச் செய்தார்கள். மாலையில் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அதை யாரும் கலை என்று சொல்லவில்லை, அவர்களும் எதிர்பார்க்கவில்லை.

இவ்விடத்தில் நம் குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நம் தந்தையாரும் பிட்டர்தான். 2009ஆம் ஆண்டில் பணியிலிருக்கும்போதே காலமானார். பத்தாம் வகுப்பு மட்டுமே தேறியிருந்த நமக்குக் கருணை அடிப்படையில் குமாஸ்தா வேலை கிடைத்தது. எழுதுகோல் சோறு போட்டது, அதைப் பழிக்கமாட்டோம். ஆனால் சில ஆண்டுகள் கழித்துக் குடியிருப்பு மாறியபோது, தந்தையாரின் மரப்பெட்டி கட்டிலுக்கடியில் இடத்தை அடைத்தது. உள்ளே அரங்கள் பதினொன்று, சுத்தியல் மூன்று, ஸ்பானர்கள், அளவுகோல், திருப்புளிகள். காயலான் கடைக்காரர் எடைபோட்டார். அறுநூற்று நாற்பது ரூபாய் கொடுத்தார். அந்தப் பணத்தில் மின்விசிறிக்கு முன்பணம் கட்டினோம். அன்றைக்கு அது நல்ல வியாபாரமாகவே தோன்றிற்று. இன்று நம் மகனுக்கு ஆறு வயது. "தாத்தா என்ன வேலை செய்தார்?" என்று கேட்கிறான். சொல்லத் தெரிகிறது, காட்ட ஒன்றுமில்லை.

இனிச் சங்கத்தின் செய்திக்கு வருவோம்.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவன். மதிப்பெண் குறைவு. வீட்டில் மிக்சி ஓடவில்லை என்று தாயார் சொல்ல, அவர் கோயிலுக்குப் போயிருந்த வேளையில் அதைத் தனித்தனியாய்க் கழற்றிச் செய்தித்தாளில் வரிசையாய் வைத்துவிட்டான். மீண்டும் பூட்டத் தெரியவில்லை. தகப்பனார் அடித்தார். "மெக்கானிக் ஆக்கவா உன்னைப் படிக்கவைக்கிறேன்?" என்ற குரல் பக்கத்து வீடுகளுக்கும் கேட்டது. மறுநாள் அந்தத் தாயார் உறுப்புகளைப் பையில் கட்டிக்கொண்டு பெரியவரிடம் வந்தார். பெரியவர் பையனை அழைத்துவரச் சொன்னார். "நீ எதைச் சந்தேகப்பட்டுக் கழற்றினாய்?" என்று கேட்டார். "உள்ளே தீப்பொறி வந்தது தாத்தா. இந்தக் கரித்துண்டு தேய்ந்திருக்கும் என்று நினைத்தேன்" என்றான். அதுதான் பழுது. பையன் சொன்னது சரி! புதிய கார்பன் வாங்கிவரச் செய்து, அவன் கையாலேயே பூட்டவைத்தார். மிக்சி ஓடிற்று.

அது முதல் அவனும், அவனைக் கண்டு மேலும் ஆறு பிள்ளைகளும் ஞாயிறுதோறும் பெரியவர் வீட்டு முற்றத்தில் கூடுகிறார்கள். அவர்களில் இருவர் பெண்பிள்ளைகள். முதலில் அவர் எடுத்துக்கொண்டது ஆவிப்படகு. ஊர்த் திருவிழாக் கடைகளில் தண்ணீர்த் தொட்டியில் 'டபடப'வென்று ஓடுமே, அந்தத் தகரப் படகுதான். பாமரப் பொம்மை என்று எண்ண வேண்டா. அதன் நுட்பம் பெரிது. மெல்லிய தகரத்தாலான சிறு அறை. அதிலிருந்து பின்புறம் நீருக்குள் திறக்கும் இரு குழாய்கள். நீர் நிரப்பி, அடியில் மெழுகுவத்தி வைத்தால், நீர் கொதித்து ஆவியாகிக் குழாயிலுள்ள நீரை வெளியே தள்ளுகிறது. குளிர்ந்த குழாய்க்குள் சென்ற ஆவி மீண்டும் சுருங்க, நீர் உள்ளே ஏறுகிறது. இப்படி மாறி மாறி நடக்கும். "வெளியே தள்ளுவதும் உள்ளே இழுப்பதும் சமமென்றால் படகு எப்படி முன்னே போகிறது?" என்று ஒரு பெண்பிள்ளை கேட்டாள். நமக்கு விடை தெரியவில்லை. பெரியவர் சொன்னார்: "வெளியே போகும் தண்ணீர் ஒரே நேராய்ப் பாய்கிறது. உள்ளே வரும் தண்ணீர் நாலு புறமிருந்தும் வருகிறது. வாயால் ஊதி விளக்கை அணைக்கலாம். உறிஞ்சி அணைக்க முடியுமா?"

பிள்ளைகள் பழைய குளிர்பதனப் பெட்டியின் செப்புக் குழாயையும், பிஸ்கோத்து டப்பாவின் தகரத்தையும் கொண்டு நான்கு படகுகள் செய்தார்கள். முதற்படகு நன்றாய் ஓடித் திடீரென்று மூழ்கிற்று. அறையில் நீர் வற்றியதால் பற்றவைத்த ஈயம் உருகிவிட்டது. பையன் முகம் வாடினான். பெரியவர் அவனைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு ஒரு செய்தி சொன்னார். பெரிய எஞ்சினிலும் நெருப்பறையின் மேற்கூரையில் ஈயம் வைத்த செருகு ஒன்று உண்டாம். கொதிகலனில் நீர் குறைந்தால் அந்த ஈயம் முதலில் உருகி, ஆவி நெருப்பின்மேல் பாய்ந்து எச்சரிக்கும். "எங்கள் நாளில் ஈயத்தை உருகவிட்ட ஆள் தலைநிமிர்ந்து நடக்கமாட்டான். ஆனால் அந்த ஈயம் உருகியதால்தான் அவன் நடக்கவே முடிந்தது. உருகாத ஈயத்தைவிட உருகிய ஈயம் நல்லது, தம்பி" என்றார். ஒரு தேர்வில் தவறிய பிள்ளைக்கு இதைவிட நல்ல ஆறுதல் நாம் கேட்டதில்லை.

மழைக்காலத்தில் முற்றம் உதவாது. ஆகவே சங்கத்தின் சாமான் அறையை ஞாயிறு காலைகளில் ஒதுக்குமாறு நிர்வாகக் குழுவைக் கேட்டோம். கூட்டத்தில் கடும் எதிர்ப்பு எழுந்தது. மறைப்பானேன்? நெருப்பு, சூடு, கூர்மையான தகரம் ஆகியவற்றைச் சொன்னவர்களின் அச்சம் நியாயமானது. நீர் ஆவியாகும்போது 1,600 மடங்குக்கும் மேலாக விரிகிறது. வழியில்லாமல் மூடிய கலத்தில் அதைச் சூடாக்கினால் அது குண்டுதான். ஆவிப்படகின் குழாய்கள் திறந்தே இருப்பதால்தான் பெரியவர் அதைத் தேர்ந்தார். ஆயினும் வேறோர் எதிர்ப்பு நம்மை வருத்திற்று. "நம் பிள்ளைகளைப் பட்டறைக்கு அனுப்பவா இவ்வளவு தொலைவு வந்தோம்? அந்த அறையில் கணக்கு வகுப்பு நடத்துங்கள்" என்றார் ஓர் உறுப்பினர். அவருடைய பாட்டனாரும் பட்டறைக்காரர்தான்.

அவருக்கு நம் பணிவான மறுமொழி இது. கணக்கு வகுப்பும் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் கணக்கும் கைவேலையும் பகையல்ல என்பதற்கு நம் மாவட்டத்திலேயே சான்றுண்டு. பாபல் என்னும் சிற்றூரில், உணவுத் தொழில்நுட்பத்தில் டாக்டர் பட்டம் பெற்ற ஸ்ரீ கல்பாக் அவர்கள், பெரிய நிறுவனத்து வேலையைத் துறந்து வந்து, 1983ஆம் ஆண்டில் விஞ்ஞான ஆசிரமத்தை நிறுவினார். பள்ளிப் பிள்ளைகள் பொறிவேலை, எரிசக்தி, இல்லமும் உடல்நலமும், உழவும் கால்நடையும் என்னும் நான்கையும் செய்தே கற்கவேண்டும் என்பது அவர் கொள்கை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் நீல் கெர்ஷன்பெல்டு, கணினியால் இயங்கும் சிறு பட்டறைகளை உலகெங்கும் அமைக்க முற்பட்டபோது, 2002ஆம் ஆண்டிலேயே அத்தகைய பட்டறை பாபலுக்கு வந்துவிட்டது. பெரிய நகரங்கள் காத்திருந்தன. கைவேலை தெரிந்த சிற்றூர் முந்திக்கொண்டது.

கலிபோர்னியாவிலும் 2006ஆம் ஆண்டில், தாமே செய்பவர்களுக்கென்று ஒரு பெரிய சந்தையை 'மேக்' என்னும் பத்திரிகையினர் தொடங்கினார்கள். பல நாடுகளில் அது பரவிற்று. நடத்திய நிறுவனம் 2019ஆம் ஆண்டில் பணமுடையால் மூடப்பட்டது. ஆயினும் சந்தைகள் அடியோடு நின்றுவிடவில்லை. ஊர்தோறும் மேசை போட்டு உட்காரும் பழக்கம் மக்களிடம் வேரூன்றியிருந்தது. நமக்கும் பெருஞ்சந்தை தேவையில்லை. ஒரு மேசையும், ஒரு பற்றிரும்பும், அருகே ஒரு பெரியவரும் போதும்.

நீண்ட வாதத்துக்குப் பின் குழு நான்கு ஞாயிறுகளுக்கு மட்டும் இசைந்தது. நிபந்தனைகளும் நல்லவை: எப்போதும் பெரியவர்கள் இருவர் உடனிருத்தல், மணல்வாளியும் நீர்வாளியும் வைத்தல், கண்ணுக்குக் காப்புக்கண்ணாடி அணிதல், மூடிய கலம் எதையும் சூடாக்காதிருத்தல். மூன்று ஞாயிறுகள் நடந்துவிட்டன. மூன்றாம் ஞாயிறன்று, மிக்சிக்காக அடித்த அந்தத் தகப்பனார் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. மகன் இரு தகரங்களைச் சேர்த்துப் பற்றவைக்க முயன்று, மூன்றாவது கையில்லாமல் தவித்துக்கொண்டிருந்தான். சற்று நேரம் பார்த்திருந்தவர், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து குறடை எடுத்துத் தகரத்தைப் பிடித்துக்கொண்டார். இருவரும் பேசவில்லை. பற்று நன்றாய்ப் பிடித்தது.

பொங்கலுக்குப் பின் பெரியவர் திருச்சியிலுள்ள மகள் வீட்டுக்கே போய்விட முடிவு செய்திருக்கிறார். ஒரு கண்ணில் புரை. படி ஏற இயலவில்லை. அவருடைய கருவிகள் இரண்டு பெட்டிகள். "எடைக்குப் போடமாட்டேன்; கேட்பவனுக்குக் கொடுப்பேன். ஆனால் எண்ணெய் போட்டு வைப்பேன் என்று சொல்பவனுக்கே கொடுப்பேன்" என்கிறார். நாம் ஒருமுறை விற்றவர்கள். நமக்கு அவற்றைக் கேட்க நாவெழவில்லை. சங்கம் கேட்கலாம். பிள்ளைகள் கேட்கலாம்.

ஆகவே அன்பர்களே, வரும் பொதுக்குழுவில் சாமான் அறையைப் பற்றிய தீர்மானம் வாக்குக்கு வருகிறது. எதிர்ப்பவரும் வருக, ஆனால் அதற்கு முன் நான்காம் ஞாயிறு காலை பத்து மணிக்கு அவ்வறைக்கு ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, பிறகு கைதூக்குக. வரும்போது நின்றுபோன கடிகாரமோ, ஓடாத விசிறியோ வீட்டில் இருந்தால் எடுத்து வருக. கட்டிலுக்கடியில் பாட்டனார் பெட்டி இருந்தால், அதைத் திறந்து பார்த்துச் சிறிது எண்ணெய் தடவி வைக்குக. காயலான் கடைக்காரர் காத்திருப்பார், அவருக்கு அவசரமில்லை.

யானையின் முழங்காலுக்கு எங்கே எண்ணெய் விடுகிறார்கள் என்று கேட்டு, அந்தப் பெண் பிரான்சிலிருந்து எழுதுவதாகச் சொல்லிச் சென்றிருக்கிறாள். பெரியவர் வாரந்தோறும் கேட்கிறார். விடை வந்ததும் இப்பகுதியில் தெரிவிப்போம்.

(மேலும் பேசுவோம்)

— குமாஸ்தா